எதையும் திருப்பி எடுத்துக்கொண்டவர்

பாய் கடையில் வாங்கிய எதையும் யாரும் எப்போதும் திருப்பிக் கொடுக்கலாம். எல்லையோரத்து வடகரப்பதிப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். நான் அந்த ஊருக்குப் போய் இறங்கிய அன்றே எனக்கும் தெரிந்துவிட்டது.

உரம், விதை, பூச்சிமருந்து, களைக்கொல்லி, கயிறு, மண்வெட்டி எல்லாம் விற்கிற கடை. மாடியில் ஓர் அறையைப் பாய் எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பெட்டியோடு வாசலில் நான் நின்றபோது ஒரு பெரியவர் மருந்து தெளிக்கும் கருவியைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க பாய், இது ஒழுகுதுங்க."

பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தோள்வார் நைந்திருந்தது. மேலே அச்சடித்திருந்த எழுத்து முழுக்க வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"எப்ப வாங்குனீங்க?"

"அதிருக்குமுங்க, போன மழைக்கு முந்துன மழைல."

பாய் உள்ளே போய்ப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் அதை மாட்டிக்கொண்டு, தனக்கு வரவேண்டியது வந்துவிட்டது என்பதுபோலப் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன பாய் இது? தேய்ஞ்சு ஓடாப் போனதை இல்ல கொண்டு வந்திருக்காரு?"

"நம்ம கடையில வாங்குனதுதானே கண்ணு. நம்மகிட்டத் திருப்பாம வேற யாருகிட்டத் திருப்புவாங்க?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையோ வருத்தமோ இல்லை. உள்ளங்கையால் மேசையை ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட லுங்கி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எப்போதோ தமிழ்ப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகங்களில் மலையாளம் என்று இரண்டிலும் மெதுவாகவே பேசுவார்.

ஒரு நாள் ஒரு பெண் வெண்டைக்காயையே கொண்டுவந்து போட்டுவிட்டு, "நீட்டமா வருமுன்னு சொன்னீங்க, பாருங்க, கட்ட வெரலாட்டம் இருக்குது" என்று விதைக்கு ஞாயம் கேட்டாள். அவர் வேறு விதை கொடுத்ததோடு அந்த வெண்டைக்காயையும் வீட்டுக்குள் அனுப்பினார். மதியம் பாயம்மா அதைப் பொரியல் செய்து எனக்கும் கொடுத்தார். நல்ல வெண்டைக்காய்தான்.

"இந்த ஆளு வாழ்க்கையில ஒரு தடவை 'முடியாது'ன்னு சொல்லிக் கேட்டுட்டா நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்" என்றார் பாயம்மா. அது விளையாட்டுப் பேச்சில்லை. குரலில் நிஜமான சலிப்பு இருந்தது.

நான் அங்கே போனது ஒரு கிணற்றுக்காக. எங்கள் கல்லூரி ஆய்வகம் எல்லைப்பகுதிக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்தபோது, பாய் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் மட்டும் களைக்கொல்லி தாறுமாறாக இருந்தது. மக்காச்சோளக் காட்டுக்கு அடிக்கிற மருந்து. மற்ற கிணறுகளிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இதில் அவற்றைப்போலப் பல மடங்கு. அந்த மருந்தைத் தின்கிற நுண்ணுயிரிகளைத் தொட்டியில் வளர்த்து, கிணற்றுத் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டுச் சுத்தம் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம். பேராசிரியர் கல்லூரியில் இருந்தார். களத்தில் நான் ஒருத்திதான். வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்து, எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

கிணறு ராசாத்தியக்காவுடையது. எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் குடிதண்ணீர். சோதனைக்குப் பிறகு அதைக் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் பஞ்சாயத்து லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். மழை மறைவுப் பகுதி. கோடையில் லாரி எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது.

இவ்வளவு மருந்து எங்கிருந்து வந்தது என்று தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கடைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. திறந்து பார்த்தால், பிரித்த பாக்கெட்டுகள், பாதி காலியான டப்பாக்கள், எலி கடித்த பொட்டலங்கள். தரை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மழை நேராக உள்ளே இறங்கும்படி இருந்தது.

"இதெல்லாம் என்ன பாய்?"

"திரும்பி வந்ததுங்க கண்ணு."

அந்தக் களைக்கொல்லிப் பொடியை, சோளம் விதைத்த இரண்டொரு நாளுக்குள் அடிக்க வேண்டும். களை முளைத்துவிட்டால் அப்புறம் அடித்துப் பெரிய பயனில்லை. மழை ஏமாற்றிவிட்டாலும், ஆள் வராமல் போனாலும், மிச்சத்தை எல்லோரும் பாயிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பிரித்த பாக்கெட்டைக் கம்பெனி எடுக்காது. பாய் எடுப்பார். எடுத்ததை மறுபடி விற்கவும் மனசு வராது, வெளியே கொட்டவும் மனசு வராது. கொட்டகையில் வைப்பார். இப்படி எத்தனையோ வருஷம்.

நான் சொன்னேன். முதலில் சுற்றிவளைத்து, பிறகு நேராக. இந்தக் கொட்டகையிலிருந்துதான் மருந்து மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போயிருக்கிறது என்று.

அவர் மறுக்கவில்லை. காட்டுக்கெல்லாம் அடிக்கிறார்களே, அது வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்கவில்லை. ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, அதன் கிழிந்த வாயை மடித்து மூடி, திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு கொட்டகையைத் தாண்டி நேராக ராசாத்தியக்கா வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

ராசாத்தியக்கா பால் கறந்த கையோடு வந்தார். பாய் வாசலுக்கு வெளியிலேயே நின்று, "ராசாத்தி, உன்ற கெணறு கெட்டது என்ற கொட்டாயினால. மருந்து அங்கிருந்துதான் எறங்கியிருக்குது" என்றார்.

ராசாத்தியக்கா பால் கையை முந்தானையில் துடைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"என்ற புள்ளைக்கு நான் மாசமா இருக்கையில குடிச்ச தண்ணியுங்க அது" என்றார். "நீங்கதான் வித்ததையெல்லாம் திருப்பி எடுத்துக்கற ஆளாச்சே. எடுத்துக்கங்க. உங்க மருந்த எடுத்துக்கிட்டு என்ற கெணத்தக் குடுங்க."

"குடுத்தர்றேன்" என்றார் பாய்.

திரும்பி வரும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு பாய் வாக்குக் குடுத்தீங்க? இது வேலை செய்யுமான்னு எங்க சாருக்கே தெரியாது!"

"வேலை செய்யாதுன்னு நீங்க சொல்லலியே கண்ணு."

அன்று மாலையே அந்த மருந்தை விற்பதை நிறுத்தினார். கேட்டு வந்தவர்களிடம் இருப்பு இல்லை என்றார். அவர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் போய் வாங்கி வந்தார்கள். மிச்சமானதை மட்டும் பழக்கதோஷத்தில் பாயிடம் கொண்டுவந்தார்கள். வேறு கடையில் வாங்கியதையும் அவர் வாங்கி, கொட்டகையில் இருந்ததோடு சேர்த்துக் கடைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் கொட்டுவது?

போனில் பேராசிரியரிடம் கொட்டகையைப் பற்றிச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். "எந்த மண்ணுல அந்த மருந்து ரொம்ப நாளாக் கிடக்கோ, அதைத் தின்னத் தெரிஞ்ச கிருமி அங்கதான் இருக்கும். அந்த மண்ணையே எடு" என்றார். எடுத்தேன். குடுவைகளில் கரைத்து, அந்த மருந்தைத் தவிர வேறு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எதுவும் கொடுக்காமல் வைத்தேன். பல குடுவைகள் செத்தன. ஒன்றில் தண்ணீர் மெல்லக் கலங்கியது. மருந்தைத் தின்று பெருகுகிற கூட்டம் அதில் இருந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுங்க நம்ம கொட்டாயிலயே இருந்துச்சா?"

"ஆமா பாய்."

"அப்ப இத்தன நாளா தின்னுட்டுத்தான் இருந்திருக்குது. நாமதான் அதுங்களால தின்ன முடியாத அளவுக்குப் போட்டுட்டோம்."

நீலப் பீப்பாய்கள் மூன்றைக் கிணற்றோரம் வரிசையாக வைத்தோம். உள்ளே தேங்காய் நாரும் கரித்துண்டும் அடுக்கினோம். நுண்ணுயிரிகள் அதில் பாசிபோல ஒட்டி வளரும். கிணற்றுத் தண்ணீரைச் சின்ன மோட்டார் முதல் பீப்பாயின் அடியில் ஏற்றும், மூன்றாவதின் மேல்வாயில் வெளியே வரும். மீன்தொட்டிக்கு வைப்பதுபோலக் காற்றுக்குழாய் எப்போதும் குமிழி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு கரண்டி வெல்லப்பாகு. மருந்தில் அவற்றுக்குத் தழைச்சத்து கிடைக்குமே ஒழிய உடம்பு வளர்க்கப் போதாது, அதனால் பாகு. ஒரே ஒரு கரண்டி. பாயிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.

நோன்பு மாதம் வந்தது. மாலையில் நோன்பு திறந்துவிட்டு அவர் பீப்பாய்ப் பக்கம் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். நடக்கிறார் என்று நினைத்தேன். பெருநாளுக்கு முன்னால் ஒரு காலையில் பின்வாசலைத் திறந்தால் சாக்கடை நாற்றம். பீப்பாய்களின் வாயிலிருந்து பழுப்பு நுரை வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கொழகொழவென்று வளர்ந்து அடைத்து, காற்றுப் போகாமல் எல்லாம் அழுகிப்போயிருந்தது.

"பாகு எவ்வளவு ஊத்துனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நாம மட்டும் நோம்பு தொறந்து நல்லாச் சாப்படறோம். அதுங்க காலையில ஒரு கரண்டியோட கெடக்குதேன்னு..."

"பாய், அதுங்களப் பட்டினி போட்டாத்தான் வேலை நடக்கும்! உங்க வீட்டு விருந்தாளியா அதுங்க?"

கத்திவிட்டேன். உள்ளிருந்து பாயம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நார், கரி எல்லாவற்றையும் அள்ளிப் பள்ளத்தில் போட்டு, பீப்பாய்களைக் கழுவி, குடுவையில் மிச்சம் வைத்திருந்ததிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பாய் கூடவே நின்று கழுவினார். பெருநாளன்று எனக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டபோதும் எனக்குக் கோபம் முழுக்கத் தீரவில்லை.

மறுபடி வளர்ந்தது. ஆனால் மருந்து குறையவில்லை. ஏன் என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் கிணற்றிலேயே இருந்தது. காட்டு உரமும் எருமைக் கொட்டில் மூத்திரமும் இறங்கி, தண்ணீரில் வேறு தழைச்சத்து ஏராளமாக இருந்தது. அது கிடைக்கும்போது இந்தக் கூட்டம் மருந்தைத் தொடவில்லை.

ராசாத்தியக்கா தினமும் மாலையில் வந்து நின்று பார்ப்பார். அவரிடம் விளக்கினேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பிரியாணி போட்டுட்டுப் பாகக்காயத் தின்னுன்னா எப்படிங்க திங்கும்?"

பாய் சிரிக்கவில்லை. "அந்த ஒரமும் நம்ம கடைதான்" என்றார்.

முன்னால் இன்னொரு பீப்பாய் வைத்து, காற்றே விடாமல், மரச்செதிளை நிரப்பி, அந்தத் தழைச்சத்தை முதலில் ஒழிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து நிலைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் காற்று நின்றுவிடும். பாய் மூடியைத் திறந்துவைத்து, செம்பால் தண்ணீரை மேலே மொண்டு மொண்டு உள்ளேயே ஊற்றிக்கொண்டிருப்பார். கடையில் ஆள் வந்து நின்று கூப்பிட்டாலும் போகமாட்டார்.

வண்டிப்பெரியாருக்கு லீவில் போனபோது அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, படிச்ச படிப்புக்குச் சேத்தையா கெளறிக்கிட்டுக் கெடக்க? தோட்டத்துல கெடந்து நாங்க நாறுனது பத்தாதா?" என்றாள். கையை இழுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த முறை திரும்பிப் போனதும் நல்ல சேதி வந்தது. கடைசிப் பீப்பாயிலிருந்து வெளிவரும் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். மருந்து கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மருந்து உடைந்து உண்டாகிற வேறு நஞ்சும் இல்லை. நான் படிகளில் இறங்கி ஓடி வந்து சொன்னேன். பாய் மேசையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு, "ராசாத்திகிட்டச் சொல்லீறலாமா?" என்றார்.

"கிணத்துல எடுத்ததும் வரட்டும் பாய்."

அது அடுத்த வாரம் வந்தது. கிணற்றில் ஏறக்குறைய பழைய அளவே இருந்தது.

பீப்பாயில் சுத்தமாகிற தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும், கிருமியும் கலந்திருக்கும், நேராகக் குடிக்க முடியாது என்பதால் அதைக் கிணற்றுக்கே திருப்பி விட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் கொட்டகைக்கு அடியில் இருந்த மண் இன்னும் மருந்தைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் புதிதாக இறங்கியது. நாங்கள் சுத்தம் செய்ததைவிட அது அழுக்காக்கியது அதிகம்.

மண்ணை வெட்டி எடுக்க வேண்டும் என்றேன். பாய் அடுத்த நாளே கொட்டகையைப் பிரித்தார். ஆள் வைத்து ஆழமாகத் தோண்டினார்கள். வெட்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது? அதற்கு நானும் அவரும் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒருவர் இது வேளாண்மை விஷயம் என்றார். வேளாண்மையில் இது மாசு விஷயம் என்றார்கள். அங்கே அபேட்சை, அதாவது மனு, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அபேட்சை கொடுத்தால், இது தொழிற்சாலைக் கழிவா என்று கேட்டார்கள். இல்லை, கடைக் கழிவு. அப்படியானால் அதற்கு வகை இல்லை. எங்கள் பேராசிரியர், திட்டத்தில் தண்ணீர்தான் உண்டு, மண் இல்லை என்றார். தோண்டிப்போட்ட மண் தார்ப்பாயின்மேல் குவிந்து கிடந்தது. அடுத்த மழை எந்த நேரமும் வரும்போல இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுதுவிட்டேன். பாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

வந்ததும் கடையில் இருந்த விதை, கயிறு, உரமூட்டை எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு இன்னொரு கடைக்காரருக்குத் தள்ளிவிட்டார். காலியான கடைக்குள், சிமெண்ட் தரையில், கூரைக்குக் கீழே, அந்த மண்ணைச் சாக்குகளில் கட்டி அடுக்கினார். சுவர் ஓரமாக, மேசைக்குப் பின்னால், அவர் உட்காரும் இடம்வரைக்கும் மண்சாக்கு.

பாயம்மா வாசலில் நின்று பார்த்தார். "இதயும் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மழை நனையாத எடம் நம்மகிட்ட வேற இல்லியே."

கோயமுத்தூரில் இருந்த மகன்கள் இரண்டு பேரும் வந்து சத்தம் போட்டார்கள். கடையை மூடிவிட்டு மண்ணைக் காவல் காக்கிறாரே, ஊர் என்ன சொல்லும் என்றார்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு எங்கே உரம் வாங்குவது என்ற கவலைதான் இருந்தது. சாக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீப்பாயில் வளர்ந்த நுண்ணுயிரிக் கூட்டத்தைக் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, மண்ணையும் தின்னவைக்கலாம் என்று நான் முயன்றேன். மெதுவாக நடந்தது. வளர்கிற நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல.

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. ஒரு பகலில் இளைஞன் ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். கையில் பிரித்த பாக்கெட்.

"பாய், இது மிச்சமாயிருச்சுங்க. வெச்சுக்கங்க."

பாய் சாக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை பாதி நீண்டு, பின்னால் போயிற்று.

"இல்ல தம்பி. இனிமே நான் எடுக்கறதில்லீங்க."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது. பையன் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி, வாய்க்கால் கரைக்குப் போய், பாக்கெட்டைக் கவிழ்த்தான். வெள்ளைப் பொடி தண்ணீரில் விழுந்து பால்போலப் பரவியது.

பாய் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு ரோட்டிலேயே கழன்றுவிட்டது. பையன் கையைப் பிடித்துப் பாக்கெட்டை வாங்கும்போது அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பையன் மிரண்டுபோய், "என்னங்க பாய், நீங்கதானே வேண்டாமுன்னீங்க?" என்றான்.

"நாந்தான் சொன்னேன். நாந்தான் சொன்னேன்" என்றார் பாய். வாய்க்கால் தண்ணீர் ராசாத்தியக்கா வீட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனபோது, "எடுத்தாலும் தப்பு, எடுக்காட்டியும் தப்புன்னா நான் என்ன கண்ணு பண்ணட்டும்?" என்று கேட்டார். பாக்கெட்டுகளை ஊர்தோறும் சேர்த்து எடுத்துப்போய் ஒழிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரு கடைக்காரர் தன் கொட்டகையைக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னேன். கேட்டாரா என்று தெரியாது. மறுநாளிலிருந்து பழையபடி வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, கடைக்குள்ளேயே வைத்தார்.

திட்டக்காலம் முடிந்தது. நீட்டிக்கக் கேட்டோம், வரவில்லை. பீப்பாய்த் தண்ணீர் சுத்தமானதை மட்டும் வைத்துப் பேராசிரியர் அறிக்கை எழுதினார். அது பொய்யில்லை. வெற்றி என்றுதான் அதற்குப் பெயர். கிணற்றைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. மேலும் ஆய்வு தேவை என்று.

கிளம்புகிற அன்று பாயிடம், "இதை நிறுத்திடுங்க பாய். இன்னும் எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது. உங்களுக்கும் வயசாகுது" என்றேன்.

"கெணறு இன்னும் குடுக்கலியே கண்ணு" என்றார். பஸ் வரும்வரை என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வண்டிப்பெரியாரிலேயே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. பாய் அவ்வப்போது கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். நான் பழைய தோழி ஒருத்தியின் தயவில் அதைச் சோதித்துச் சொல்வேன். குறைகிறது, ஆனால் குடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் இதே பதிலைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசும். அவர் "செரி கண்ணு" என்பார். ஒரு மழைக்காலத்தில் பாட்டில் வரவில்லை. பிறகு பாயம்மா போன் செய்தார். கடையில் சாக்குகளுக்கு ஈரம் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பெரிய மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். கடையை விற்கலாம் என்று இருக்கிறார்கள். மண்ணைப் பார்த்துவிட்டு யாரும் வாங்க வரவில்லை. "இத நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மழை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை அவன் அத்தா பாயே சொல்லியிருப்பார்.

பின்பக்கம் போனேன். பீப்பாய்கள் ஓடாமல் நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். குமிழிச் சத்தம் கேட்டது. மோட்டாருக்கான கரண்ட் வயர் கடையிலிருந்து வரவில்லை, ராசாத்தியக்கா வீட்டு ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் கையில் பாகுக் கரண்டி இருந்தது.

"அவுருக்காவ ஒண்ணும் பண்ணலை" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "எனக்குத் தண்ணி வேணும்."

"இதுவரைக்கும் குடிக்கற அளவுக்கு வரலக்கா. இனி எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. வராமலும் போகலாம்."

"அது எனக்குத் தெரியுமுங்க. அவுரும் அதையேதான் சொல்லீட்டிருந்தாரு." கரண்டியை வழித்து, தண்ணீரில் அலசினார். "இப்ப இந்த மோட்டாரு ஓடோணுமா, நிறுத்தோணுமா? அத மட்டும் சொல்லுங்க."

கிணற்றை எட்டிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. கெட்டுப்போன நாளிலும் அப்படித்தான் இருந்தது.

"ஓடட்டும்க்கா" என்றேன்.

அவர் காலிப் பாட்டில் ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்.